முதல் மணியிலேயே

டிர்ர் என்று ஒரு தடவை. அவ்வளவுதான், போன் வாயை மூடிக்கொண்டது, மோடம் எடுத்துவிட்டது. தனுஷ்கோடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். ரிங் என்று ஒரு வரி விழுந்தது, மோடத்தின் நெற்றியில் இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. வா ராசா, இந்தத் தடவையாவது கையைப் பிடி, விட்டுராதே, என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எண்ணினான், முப்பது, முப்பத்தொன்று, நாற்பத்திரண்டில் விளக்கு அணைந்தது. நோ கேரியர். கூப்பிட்டவனுக்கும் எடுத்தவனுக்கும் பாஷை ஒத்துவரவில்லை, இரண்டு பேரும் வைத்துவிட்டார்கள் என்பதை அந்தச் சனியன் பிடித்த டப்பா இந்த இரண்டு வார்த்தையில்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை, மணி பத்து ஐந்து, காலையில் வந்ததிலிருந்து இது நாலாவது. மெட்ராஸ் ஹெட் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கல்யாணராமன் சாரும் மனுஷன்தானே, எத்தனை தடவைதான் அடிப்பார். சாத்தூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் அன்றன்றைக்கு எத்தனை கிலோ நூல் இறங்கியது என்பதை அவர் அங்கிருந்தபடியே போன் போட்டு இந்தச் சர்வருக்குள் நுழைந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குத்தான் இந்த மோடம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தானாகவே போனை எடுக்க வேண்டும். எத்தனையாவது மணியில் எடுப்பது என்பதற்கு ஒரு எண் உண்டு. பூஜ்யம் போட்டால் எடுக்கவே எடுக்காது, அடித்துக்கொண்டே கிடக்கும். ஒன்று போட்டால் முதல் மணி. கூட வந்த புத்தகத்தில் இரண்டு போடு என்றுதான் இருந்தது. இவன்தான் ஒன்று போட்டான், நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு. கரண்ட் போய் வந்தாலும் மறந்துவிடக்கூடாது என்று அதைச் சேமித்தும் வைத்தான்.

ஏன் ஒன்று போட்டாய் என்று யாராவது கேட்டால் அவனால் பதில் சொல்லியிருக்க முடியாது. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிட வேண்டும், இரண்டாவது மணி அடிக்க விடமாட்டான், இரண்டு வருஷமாக அப்படித்தான். இந்த அறையில் இருக்கும் போனும் மோடமும் ஒரே லைன். லைன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இந்த வேலைக்கென்றே வாங்கியது, நம்பர் வெளியாட்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கல்யாணராமன் சார். இன்னொருத்தி செல்லக்கனி மதினி, அண்ணன் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமை மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தான். வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைப் பி.பி. நம்பர் என்று கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டுக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான், கம்பெனி லைனைச் சொந்த விஷயத்துக்குக் கொடுக்கக்கூடாது என்பது தெரியும், மேனேஜர் ஜெகநாதனுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், உரிக்கட்டும். யாரையும் கூப்பிட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை மதினி, போன் என் மேஜை மேலதான் இருக்கு, முதல் மணியிலேயே எடுத்திருவேன், என்று சொன்னான். மதினி அந்த அட்டையை மணிபர்சில் வைக்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன் வரவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை, நேற்றும் வரவில்லை. அப்படியென்றால் ரத்தம் நின்றுவிட்டது என்று அர்த்தம். வயிற்றுப் புண் உடைந்து ரத்தமாக வாந்தியெடுத்து அண்ணன் பூவலிங்கம் அட்மிட் ஆகிப் பத்து நாள். டவுன் பஸ் டிரைவருக்கு வேளாவேளைக்குச் சோறு ஏது, டீயும் பன்னுமாகப் பதினெட்டு வருஷம், புண் வராமல் பூவா வரும். திங்கட்கிழமை ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். அதற்குள் மறுபடி உடைந்தால் உடனே அறுக்க வேண்டியிருக்கும், உடனே ரத்தம் வேண்டும், இந்த நெகட்டிவ் குரூப் ஆத்திர அவசரத்துக்கு எங்களிடம் கிடைக்காது, அதனால் கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற மாதிரி இருங்க, என்று அந்தச் சின்ன டாக்டர் இவன் விரலில் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். குடும்பத்தில் இரண்டு பேருக்குத்தான் அந்தக் குரூப், அண்ணனுக்கும் தம்பிக்கும். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணனுக்கும் தம்பிக்கும். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று எவன் சொன்னானோ, அவனைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இவன் போய் நின்றான். அண்ணன் கண்ணைத் திறந்தான். பார்த்தான். கட்டிலின் கால்மாட்டில் நீட்டிக் கிடந்த காலை மட்டும் மெல்ல மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டான். அதற்குள் டாக்டர் கூப்பிட்டார், இவன் போய்விட்டான், திரும்பி வந்தபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். இவனுக்கு உட்கார இடம் விட்டான் என்பது சாத்தூர் பஸ்ஸில் ஏறி விருதுநகர் தாண்டின பிறகுதான் உறைத்தது.

சரி, வேலையைப் பார். கல்யாணராமன் அடுத்த தடவை அடிப்பதற்குள் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். முப்பத்து மூவாயிரத்து அறுநூறு இந்த லைனுக்குத் தாங்காது, பழைய கேபிள், மழை பெய்தால் கொரகொரவென்று இரைகிற கேபிள், ஒன்பதாயிரத்து அறுநூறு போதும், ஊர்ந்து வந்தாலும் வந்து சேர்ந்தால் சரி. விரல் தட்டியது, மோடம் ஓகே என்றது. எதைச் சொன்னாலும் ஓகே என்பது அதன் குணம், தப்பைச் சொன்னாலும் ஓகே. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் சர்வர் தலையிலும் மோடத்தின் மூலையிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்து ஷெட்டில் மிஷின் ஓடுகிற இரைச்சல் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளங்காலில் அதிர்ந்தது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டிய அறை இது, தூசி ஆகாதாம், பஞ்சு மில்லில் உட்கார்ந்துகொண்டு தூசி ஆகாதாம். வெறுங்காலுடன் நிற்பது. கடைசியாக வெறுங்காலுடன் ஓடியது எப்போது. வேண்டாம், அதை நினைக்காதே. வேகம் போட்டாயிற்று, அடுத்தது என்ன. வெறுங்காலுடன் ஓடியது அய்யா செத்த மறுநாள், முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு, செருப்பு அறுந்துபோய், மத்தியானம் நாலு மணி வெயிலில். அப்போது கோயம்புத்தூரில் வேலை. தெருமுனை மளிகைக்கடை நம்பரைப் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தான். கடைக்கார அண்ணாச்சி அய்யா செத்த அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் திருச்செந்தூர் போயிருந்தார், பூட்டிய கடைக்குள் போன் அடித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. தந்தி மறுநாள்தான் வந்தது. இவன் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அய்யாவை இரண்டு மணிக்கே எடுத்தாயிற்று. ஊர்கூடி நிற்கும்போது அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான், ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு, என்று. அண்ணன் கையைத் தட்டிவிடவில்லை. தலையில் மழித்த ஈரம் காயாமல் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"மூணு தடவை போன் போட்டேன். மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. எடுக்காதவனுக்காகப் பிணத்தை எத்தனை நேரம்டா போட்டு வைக்கிறது?"

அவன் அப்படித்தான். வண்டியை ஒரு நிமிஷம் பிந்தி எடுக்க மாட்டான், ஓடி வருகிறவன் கையைத் தட்டினாலும் விசில் அடித்தாலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடுவான், பெற்ற தகப்பன் வண்டியையும் நேரத்துக்கு எடுத்தான். அந்த வார்த்தையோடு சரி, இரண்டு வருஷம் பேச்சில்லை. மதினிதான் பொங்கலுக்கு ஒரு கார்டு, தீபாவளிக்கு ஒரு கார்டு. எடுக்காதவன். எடுக்காதவனா நான். அதற்குப் பிறகு எந்த ஆபீசில் எந்த மேஜையில் மணி அடித்தாலும் இவன் கைதான் முதலில் போகும், சாப்பிடுகிற கையோடு போகும், ஜெகநாதன்கூட ஒருதடவை சிரித்துக்கொண்டே சொன்னார், என்னய்யா, போனுக்குள்ள பொண்டாட்டியா இருக்கா, என்று. இப்போது மோடத்துக்கும் அதையே பழக்கிவிட்டான், பழக்கிவிட்டபோது ஒரு பெருமைகூட வந்தது, அதை மறைப்பானேன். ஜெகநாதன் ஒருவர், அவருக்கு இந்த மோடம் போடுகிற சத்தம் ஆகாது. இணையும்போது கீய்ய்ய் என்று ஊளையிட்டுக் கரகரவென்று இழுக்குமே, அது. நேற்று மூன்று மணிக்குச் சோதித்துப் பார்க்கும்போதே கதவைத் திறந்து தலையை நீட்டினார், என்னய்யா இது, நரி ஊளை விடுற மாதிரி, பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்காங்க, அதோட வாயை அடை, என்று. அடைத்தான். ஸ்பீக்கரை அணைக்க ஒரு எழுத்தும் ஒரு பூஜ்யமும் போதும். ஓகே என்றது. அதுவும் சேமித்தாயிற்று. அதிலிருந்து மோடம் யாரிடம் என்ன பேசுகிறது என்பது அதற்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம், இவனுக்குத் தெரிவதெல்லாம் விளக்கு எரிவதும் அணைவதும். இந்த வேலையை முடி, லைன் கிடைத்ததென்று மெட்ராஸ் சொல்லட்டும், சனி, திங்கள் லீவு எழுதித் தருகிறேன், அதற்கு முன்னால் வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லியிருந்தார். சும்மாவா ஓடி ஓடிச் செய்கிறான். திங்கட்கிழமை அறுக்கும்போது தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஞாயிறு ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்து என்ன பேசுவது என்பது தெரியவில்லை, பேசாவிட்டால்தான் என்ன, காலைப் பிடித்துவிடலாம்.

டிர்ர். ரிங். ஐந்தாவது. எண்ணவில்லை இந்தத் தடவை, விளக்கையே பார்த்தான். நேற்று சாயங்காலம் நாலேகாலுக்கு இப்படித்தான் முதல் மணி வந்தது, ஆகா, கல்யாணராமன் சார் ஆரம்பித்துவிட்டார் என்று துள்ளிக் குதித்தான், டீ வாங்கி வந்த அட்டெண்டர் மரியதாசுக்குக்கூடக் காட்டினான், பாருங்கண்ணே, நான் தொடவே இல்லை, அதுவே எடுக்குது. மரியதாஸ், எடுத்து என்ன சொல்லுது தம்பி, என்று கேட்டார், ரெண்டும் ரெண்டும் பேசிக்குதுண்ணே என்றான். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று, அதற்கு மூன்று நிமிஷத்தில் இன்னொன்று. ஆறு மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போனான், திரையை அணைக்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் ரிங், நோ கேரியர், ரிங், நோ கேரியர் என்று மேலிருந்து கீழ்வரை புதிதாகப் பதினொரு ஜோடி. நேரம் போட்டிருக்காது அதில், வெறும் வரிகள். அடேயப்பா, பதினொரு தடவை! நான் லாட்ஜ் ரூமில் பரோட்டா தின்றுவிட்டுக் குறட்டை விட்டிருக்கிறேன், அந்தப் பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகாமல் பதினொரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறாரே என்று இவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான். விளக்கு அணைந்தது. நோ கேரியர். ஒன்பதாயிரத்து அறுநூறிலும் இல்லை. அப்படியென்றால் கோளாறு வேகத்தில் இல்லை. வேறு எதில். ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன், கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, பார்க்க மாட்டேன் என்கிறேன். போன் வரவில்லை, அண்ணன் நன்றாகத்தான் இருப்பான், மதினி கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். போன் வந்தால்தான் கவலை. வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் மனப்பாடம், ரிசீவரை வைத்த கையோடு செருப்பு, கேட்டில் எவன் தடுத்தாலும் நிற்கக்கூடாது, பத்து நிமிஷத்தில் மெயின் ரோடு, கைகாட்டினால் லாரிகூட நிற்கும், இரண்டு மணி நேரத்தில் கட்டில் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பான். இடது கையின் நரம்பைப் பார்த்தான், நன்றாகப் புடைத்துத்தான் இருந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த நரம்பு தன்னுடையதில்லை, யாருக்கோ எடுத்து வைத்தது என்கிற மாதிரி ஒரு நினைப்பு. நேற்றுச் சாயங்காலம்கூட அது தானாகத் துடித்தது. நாலேகால் இருக்கும்.

மரியதாஸ் கதவைத் திறந்து மேனேஜர் ரூமில் மெட்ராஸ் போன் என்றார். தனுஷ்கோடி எழுந்து போனான். ஜெகநாதன் ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு, பேசு, சுருக்காப் பேசு, என்றார். ஐந்து தடவை போட்டும் கிடைக்காத கடுப்பில் கல்யாணராமன் கத்தப்போகிறார் என்றுதான் இவன் நினைத்தான். அதற்குப் பதிலை வழியிலேயே தயார்பண்ணிக்கொண்டும் வந்தான், சார், நேத்துலருந்து நீங்க அடிக்கிறது எல்லாம் வருது சார், எடுக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது. அப்படியே சொன்னான். அந்தப் பக்கம் இருமல்.

"என்ன சொல்றீங்க தனுஷ்கோடி? எனக்கு மூணு நாளா ஜுரம், இன்னிக்குத்தான் ஆபீசுக்கே வந்தேன். உங்க நம்பரை நான் இன்னும் ஒரு தடவைகூட டயல் பண்ணலை. பதினொரு மணிக்கு ஆரம்பிக்கலாமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

சரி சார் என்று சொன்னதும் ரிசீவரை வைத்ததும் அவனுக்கு நினைவில்லை. ஜெகநாதன் என்னவோ கேட்டார். வராந்தாவில் அவன் நடந்தான், ஓடவில்லை, ஓடினால் அது நிஜமாகிவிடும். நம்பர் தெரிந்தது இரண்டு பேருக்கு. இரண்டில் ஒன்று போனால் மிச்சம் எத்தனை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். இல்லை, ராங் நம்பராக இருக்கும். பத்தொன்பது ராங் நம்பரா. நாலேகாலுக்கு ஒன்று, நாலு இருபதுக்கு ஒன்று, நாலு இருபத்து மூன்றுக்கு ஒன்று, அவ்வளவு அவசரமாகவா ஒருவன் ராங் நம்பர் போடுவான். பூட்டிய அறைக்குள் பதினொன்று. பூட்டிய கடைக்குள் போன் அடித்ததற்கு அண்ணாச்சி மேல் இரண்டு வருஷம் ஆத்திரப்பட்டாயே, அவராவது எடுக்கவில்லை, அடித்தவனுக்கு ஆள் இல்லை என்றாவது தெரிந்தது. இது எடுத்ததே. ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே எடுத்ததே. எடுத்துக் காதுக்குள் ஊளையிட்டதே. நாற்பத்திரண்டு எண்ணுகிறவரை விளக்கு எரிந்ததே, அந்த நாற்பத்திரண்டு எண்ணுகிற நேரமும் அங்கே ஒருத்தி காதில் வைத்துக்கொண்டு நின்றாளா. ஸ்பீக்கரை அணைக்காமல் இருந்திருந்தால் அந்த ஊளைக்கு நடுவே ஹலோ என்று ஒரு சத்தமாவது வந்திருக்கும். வாயை அடைத்தது யார். அவர் சொன்னார், நீ அடைத்தாய். வா ராசா, கையைப் பிடி என்று யாரைப் பார்த்துச் சொன்னாய், அடப்பாவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினான். கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்தும் வைத்தான்.

உட்கார்ந்து பூஜ்யம் போட்டான். ஓகே என்றது. தானாக எடுக்கும் என்பதைக் காட்டும் சின்ன விளக்கு ஒன்று நேற்றிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது, அது அணைந்தது. இப்போது கிளம்பிவிடலாம், நேரே ரோடு, நேரே மதுரை. கிளம்பின அடுத்த நிமிஷம் மணி அடித்தால். அடித்து யாரும் எடுக்காவிட்டால். இங்கே இருந்தால் அங்கே ரத்தம், அங்கே போனால் இங்கே மணி. எழுந்தான், உட்கார்ந்தான். மதினி, இன்னும் ஒரே ஒரு தடவை அடி, ஆத்தா மாரியம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை. வேண்டாம், அடிக்காதே, அடிக்காத வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் அடித்தது.

கை போகவில்லை. இரண்டு வருஷமாகச் சோற்றுக் கையோடு பாய்ந்த கை மடியில் கிடந்தது. இரண்டாவது மணி. நேற்று மூன்று மணிக்குப் பிறகு அந்த அறையில் இரண்டாவது மணி அடிப்பது இதுதான் முதல் தடவை, எவ்வளவு நீளமான மணி அது. மூன்று. எடு. நாலு. எடுடா, எடுக்காதவனே. மரியதாஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது மணியில் எடுத்தான். அந்தப் பக்கம் ஊளைச் சத்தத்துக்குப் பயந்து ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், தெருவில் ஆட்டோ ஹார்ன் கேட்டது.

"மனுசங்கதானா?" என்றாள் செல்லக்கனி. பிறகு, "தம்பியா? நேத்துலருந்து அடிக்கிறேன் தம்பி. எடுத்ததும் ஊளை மாதிரி ஒரு சத்தம். பூத்துக்காரரு லைன் கெட்டுப் போச்சுங்கிறாரு. அந்தச் சத்தத்துக்குள்ளயே சொல்லிப் பாத்தேன், எப்படியும் உங்க காதுல விழுந்துராதான்னு. ரத்தம் வேணும், ரத்தம் வேணும்னு ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாக்கிற மாதிரி கத்துனேன்."

மதினி, இந்தா கிளம்பிட்டேன், ரெண்டு மணி நேரம், டாக்டர்கிட்ட ரெண்டே மணி நேரம்னு சொல்லுங்க, என்று இவன் சொல்லிக்கொண்டே போனான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னான். அவள் முழுக்கச் சொல்ல விட்டாள். அழவில்லை, அழுது முடித்திருந்தாள்.

"அவசரமில்ல தம்பி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு முடிஞ்சு போச்சு. இங்க வர வேண்டாம், வண்டி சொல்லியிருக்கு, நேரா ஊருக்கே வந்துருங்க. நிதானமா வாங்க. எத்தனை மணியானாலும் அவன் வராம என்னை எடுத்துறாதீங்கன்னு உங்க அண்ணன் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

அவள் வைத்த பிறகும் தனுஷ்கோடி ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மணி பதினொன்றாகப் போகிறது, வைத்தால் அடிக்கும்.